காரணமே இல்லாமல் கத்திய கார் அலாரம்: ஆறு வருஷக் கதை

மச்சான் பழைய கார் ஒன்று வாங்கியிருக்கிறான், சென்ட்ரல் லாக் கூட இல்லாத வண்டி. "உன் கார்ல இருக்கே அந்த அலாரம் செட், அதையே போட்டுடலாமா?" என்று போன ஞாயிற்றுக்கிழமை போனில் கேட்டான். அந்த நேரத்தில் நான் பானெட்டைத் திறந்து தலையை உள்ளே விட்டுக்கொண்டிருந்தேன், அதே அலாரத்தின் புண்ணியத்தில்.

ஆறு வருஷம் முன்னால் சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் சாலையில் மாட்டிய செட். அலாரம் போட்டால் இன்சூரன்ஸில் தள்ளுபடி உண்டு என்று கடைக்காரர் ஆசை காட்டினார். ஏஆர்ஏஐ என்கிற, வாகனங்களைச் சோதித்துச் சான்று தரும் அமைப்பின் ஒப்புதல் உள்ள கருவிக்குத்தான் அந்த இரண்டரை சதவீதத் தள்ளுபடி, அதுவும் அதிகபட்சம் 500 ரூபாய், நம் அலாரம் டப்பாவுக்கு அந்த ஒப்புதலே கிடையாது என்பதெல்லாம் அப்புறம் தெரிந்தது. சரி, போகட்டும்.

முதல் மூன்று வருஷம் ஒரு தொந்தரவும் இல்லை. நாலாவது வருஷ மழைக்குப் பிறகு ஆரம்பித்தது. ராத்திரி இரண்டரை, மூன்று மணிக்கு, சுற்றிலும் ஒரு ஈ காக்கை இல்லாத நேரத்தில், முழுத் தொண்டையில் அலறும். லுங்கியோடு மூன்று மாடி இறங்கி ஓடினால் வண்டி மேல் ஒரு பூனை கூட இருக்காது. எங்கள் அசோசியேஷன் செயலாளர் லிஃப்ட் கதவில் ஒரு நோட்டீஸ் ஒட்டினார்: குடியிருப்புப் பகுதியில் இரவு பத்திலிருந்து காலை ஆறு வரை 45 டெசிபல்தான் அனுமதி. பெயர் போடவில்லை, ஆனால் படித்த எல்லோரும் என்னைத்தான் பார்த்தார்கள்.

வண்டி அதிர்ந்தால் கண்டுபிடிக்கும் ஷாக் சென்சார் மீதுதான் முதல் சந்தேகம். அதில் ஒரு சின்னத் திருகு உண்டு, அதைத் திருப்பினால் உணர்திறன் குறையும். லாரி போனாலும் பட்டாசு வெடித்தாலும் அசையாத அளவுக்குக் குறைத்துவிட்டேன். அப்படியும் கத்தியது. ஒரு எலக்ட்ரீஷியன் பேட்டரியை மாற்றச் சொன்னார். வோல்டேஜ் இறங்கினால் இந்த டப்பாக்கள் குழம்பும் என்பது உண்மைதான், ஆனால் ராத்திரி முழுக்க நின்ற வண்டியில் காலையில் 12.6 வோல்ட் காட்டும் நல்ல பேட்டரியை ஏன் மாற்றினேன் என்று இன்றுவரை எனக்கே புரியவில்லை. எலி ஒயரைக் கடித்திருக்கும் என்றார் இன்னொருவர். எலி பாவம், அது ஒன்றும் செய்யவில்லை.

விடை முதல் நாளிலிருந்தே என் காதில் விழுந்துகொண்டுதான் இருந்தது. இந்த செட்டில் வண்டியை லேசாகத் தட்டினால் முதலில் நாலைந்து தடவை கீச்சிட்டு எச்சரிக்கும், ஓங்கித் தட்டினால்தான் சைரன். கதவோ பானெட்டோ திறந்தால் மட்டும் எச்சரிக்கை இல்லாமல் நேராக அலறல். என் வண்டி ஒரு நாளும் கீச்சிட்டதில்லை, எடுத்த எடுப்பில் அலறல்தான். அப்படியென்றால் எதுவோ திறந்திருப்பதாக அது நினைக்கிறது! இது தோன்ற எனக்கு இரண்டு வருஷம் ஆனது.

பானெட்டுக்கு அடியில் குமிழ் மாதிரி ஒரு சுவிட்ச் இருக்கும், மூடும்போது அது முழுக்க அமுங்க வேண்டும். பையனின் விளையாட்டுக் களிமண்ணைக் கொஞ்சம் அதன் தலையில் ஒட்டி, பானெட்டை மூடித் திறந்து பார்த்தேன். களிமண் நசுங்கவே இல்லை. சுவிட்சைத் தாங்கும் தகரம் வளைந்து கீழே இறங்கியிருந்தது, போதாததற்கு உள்ளே துருவும் ஈரமும். புது சுவிட்ச் 80 ரூபாய். தகரத்தை நிமிர்த்தி நானே மாட்டினேன். பத்து நாள் ஆகிறது, சத்தமே இல்லை.

டப்பா ஆறு வருஷமாக ஒழுங்காகத்தான் வேலை செய்திருக்கிறது, அதைச் சொல்லித்தான் ஆக வேண்டும். மால் பார்க்கிங்கில் வண்டி எங்கே என்று தேடும்போது ரிமோட்டை அழுத்தினால் தூரத்தில் விளக்கு கண் சிமிட்டுமே, அதற்காக மட்டுமே கொடுத்த காசை மறக்கலாம். ஆனால் இவ்வளவு நல்ல டப்பாவோடு இவ்வளவு மட்டமான சுவிட்சைக் கொடுத்தவனை நினைத்தால் பற்றிக்கொண்டு வருகிறது.

மச்சானிடம் வாங்காதே என்று சொல்லிவிட்டேன். "அப்போ உன்னோடதைக் கழட்டி எனக்குக் கொடுத்துடேன்" என்கிறான். அதெல்லாம் முடியாது.