எம்எக்ஸ் லினக்ஸ்: ஒரு டிடிபி கடையின் நீண்டநாள் அனுபவம்

தக்கலையில் நான் நடத்தும் டிடிபி கடையில் ஒரு மெஷின்கூடப் புதுசு கிடையாது. கோயில் கொடை நோட்டீஸ், சர்ச் திருவிழா நோட்டீஸ், கல்யாணக் கார்டு, பயோடேட்டா, ஆன்லைன் விண்ணப்பம், இவ்வளவுதான் வேலை. இதற்கு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப்பை விண்டோஸ் 11 ஏன் கேட்கிறது என்று கேட்கலாம். நான் அந்தக் கேள்விக்கே போகவில்லை. விண்டோஸ் 11 கட்டாயமாவதற்கு முன்பே, டெபியன் என்ற லினக்ஸின்மேல் கட்டிய இலவச இயங்குதளமான எம்எக்ஸ் லினக்ஸுக்கு வந்துவிட்டேன். 21-ஆம் பதிப்பில் தொடங்கி 23 வழியாக, இப்போது சில மெஷின்களில் 25 ஓடுகிறது.

எம்எக்ஸைத் தேர்ந்தெடுக்க அப்போது எல்லோரும் சொன்ன காரணம், அது சிஸ்டம்டியை நம்மேல் திணிக்காது என்பது. கம்ப்யூட்டரை ஆன் செய்ததும் மற்ற சேவைகளைத் தட்டி எழுப்புவது சிஸ்டம்டியின் முதல் வேலை. 2014-ல் டெபியனின் தொழில்நுட்பக் குழு அதை இயல்பு அமைப்பாகத் தேர்ந்தெடுத்தது. பிடிக்காதவர்கள் பிரிந்துபோய் டெவுவான் என்று தனி வீடு கட்டினார்கள். 2019-ல் டெபியன் உறுப்பினர்கள் மறுபடி ஓட்டுப் போட்டதிலும் சிஸ்டம்டிக்கே முன்னுரிமை. எம்எக்ஸ் 21-லும் 23-லும் இரண்டும் இருந்தன: அதே வேலையைச் செய்யும் பழைய சிஸ்வினிட் தானாக வரும், வேண்டுமென்றால் பூட் மெனுவில் சிஸ்டம்டியை எடுத்துக்கொள்ளலாம்.

நான் இரண்டையும் வருடக்கணக்கில் ஓட்டிப் பார்த்தவன். வித்தியாசம் ஒரே இடத்தில்தான் உறைத்தது. மழைக்காலத்தில் ரப்பர் கொம்பு ஒடிந்து லைனில் விழுந்தால் கரண்ட் போகும். என் யூபிஎஸ் பேட்டரி ரெண்டு நிமிஷம் தாங்கினாலே பெரிய காரியம். அவசரமாக ஷட்டவுன் கொடுத்தால், ஏதோ ஒரு சேவை நிற்க மாட்டேன் என்று அடம்பிடிக்க, கறுப்புத் திரையில் சிவப்பு நட்சத்திரக் குறிகள் இடமும் வலமும் ஆட, ஒன்றரை நிமிஷம் வரை காத்திருக்கச் சொல்லும் சிஸ்டம்டி. சிஸ்வினிட்டில் இந்தப் பாடு இல்லை. ஆனால் சிஸ்டம்டியின் அமைப்புக் கோப்பில் ஒரே ஒரு வரி, அந்தக் காத்திருப்பைப் பத்து வினாடியாக்கியதும் தொல்லை விட்டது. அதன்பிறகு எந்த மெஷினில் எது ஓடுகிறது என்றே நான் பார்ப்பதில்லை. பத்து வருடச் சண்டையில் என் பங்கு அவ்வளவுதான்.

உண்மையில் கழுத்தைப் பிடித்தது வேறு. கல்லாவில் ஒரு சின்ன நெட்புக் வைத்திருக்கிறேன், ஆட்டம் என்270 ப்ராசசர், 32-பிட் மட்டும். 2025 ஆகஸ்ட் 9-ல் டெபியன் 13 வந்தபோது 32-பிட் பிசிக்கு இன்ஸ்டாலரும் இல்லை, இயங்குதளத்தின் கருவான கர்னலும் இல்லை. அதன்மேல் கட்டிய எம்எக்ஸ் 25-லும் இல்லை. ஃபயர்ஃபாக்ஸும் 144-ஆம் பதிப்போடு லினக்ஸில் 32-பிட்டை நிறுத்திவிட்டது. இதில் யார்மேலும் எனக்குக் கோபமில்லை. அந்தப் பழைய மெஷினில் பரிசோதித்துப் பார்க்க ஆள் வேண்டுமே, சம்பளம் இல்லாமல் யார் உட்காருவார்? சிஸ்டம்டிக்கு வந்த கூச்சலில் பத்தில் ஒரு பங்குகூட இதற்கு வரவில்லை என்பதுதான் எனக்கு ஆச்சரியம். அங்கே வேறு வழி இருந்தது, இங்கே மெஷினையே தூக்கிப்போட வேண்டும்.

சிஸ்டம்டியைத் திணிப்பு என்கிறார்களே, அது உத்தரவாக வருவதில்லை. ஒரு பேக்கேஜ், அதாவது மென்பொருள் பொதி, இன்னொன்றைக் கேட்கும், அது மூன்றாவதைக் கேட்கும். க்னோம் டெஸ்க்டாப் உள்நுழைவை நிர்வகிக்க சிஸ்டம்டியின் லாகின்ட் பகுதியை எதிர்பார்க்கிறது. சிஸ்டம்டி வேண்டாம் என்பவர்களுக்காக அந்தப் பகுதியை மட்டும் பிரித்து எலாகின்ட் என்று சிலர் பராமரிக்கிறார்கள். எம்எக்ஸில் இரண்டும் சேர்ந்திருந்ததும் சிஸ்டம்டி-ஷிம் என்ற ஒட்டுப்போட்ட நிரலால்தான். டெபியன் 13-ல் அது ஒத்துவரவில்லை. அதனால் 2025 நவம்பரில் எம்எக்ஸ் 25 முதலில் வந்தபோது எக்ஸ்எஃப்சிஇ என்ற டெஸ்க்டாப்புக்கு இரண்டு தனித்தனி ஐஎஸ்ஓ (இன்ஸ்டால் செய்யும் கோப்பு), கேடிஇ டெஸ்க்டாப்புக்கு சிஸ்டம்டி மட்டும். ஷிம் நின்றதும் பூட் மெனுவில் இருந்த அந்த வரியும் அப்போது போயிற்று.

அக்கா மகன் கேட்டான்: “மாமா, ரெண்டையும் வச்சு என்ன செய்யப் போறிய? ஒண்ணு போதாதா?” அவனுக்குப் போதும்தான், புது லேப்டாப்.

அவன் லேப்டாப்பில்தான் வேலண்டைப் பார்த்தேன், திரையில் ஜன்னல்களைக் காட்டும் பழைய எக்ஸ்11-க்குப் பதிலாக வந்தது. கேடிஇ-யில் தமிழ்99 அடிக்க எஃப்சிஐடிஎக்ஸ்5 என்ற தட்டச்சு நிரலைப் போட்டால் மட்டும் போதாது. சிஸ்டம் செட்டிங்ஸில் விர்ச்சுவல் கீபோர்டு என்ற இடத்தில் போய் அதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். தமிழ் விசைப்பலகையை அங்கே யார் தேடுவார்? கடை முகவரி, அடிக்கடி வரும் நோட்டீஸ் வரிகளை ஒரே விசையில் அடித்துக் கொடுக்க விசைகளைத் தானாகத் தட்டும் எக்ஸ்டூடூல் வைத்து ஒரு சின்ன ஸ்கிரிப்ட் எழுதியிருந்தேன். வேலண்டில் அது ஊமை. ஒரு புரோகிராம் இன்னொன்றின் விசைகளை ஒட்டுக்கேட்கவும் அதற்குள் தட்டவும் முடியாதபடி தடுப்பது வேலண்டின் ஒரு நோக்கம். நாலுபேர் வந்து பேங்க் பாஸ்வேர்டு அடிக்கிற கடைக்கு அது நியாயம்தான், மறுக்க முடியாது. ஆனால் 2025 அக்டோபரில் வந்த இன்னொரு லினக்ஸான உபுண்டு 25.10, க்னோமின் பழைய எக்ஸ்11 செஷனை எடுத்தேவிட்டது. நான் எக்ஸ்11-ல் ஓடும் எக்ஸ்எஃப்சிஇ-யிலேயே இருக்கிறேன், என் ஸ்கிரிப்ட்டும் பேசுகிறது.

எம்எக்ஸை நான் விடாமல் வைத்திருக்கும் காரணம் ஸ்னாப்ஷாட். ஒரு மெஷினில் தமிழ்99, எழுத்துருக்கள், பிரிண்டர், பக்கம் வடிவமைக்கும் ஸ்கிரைபஸ் எல்லாம் சரிசெய்து, அதை அப்படியே ஐஎஸ்ஓ ஆக்கிப் பென்டிரைவில் ஏற்றி மற்ற மெஷின்களில் போட்டுவிடலாம். கொள்ளாம், அருமையான கருவி. பேக்கேஜ் இன்ஸ்டாலரும் பரவாயில்லை. உதவிப் பக்கங்கள் தமிழில் என் கண்ணில் படவில்லை, அது குறை.

பழைய மெஷினில் போட நினைப்பவர்கள் முதலில் ப்ராசசர் 64-பிட்டா என்று பார்த்துக்கொள்ளுங்கள். டெர்மினலில் எல்எஸ்சிபியு (lscpu) அடித்தால் முதல் சில வரிகளிலேயே தெரியும். 64-பிட் என்றால் தாராளமாக 25 போடலாம், எக்ஸ்எஃப்சிஇ எடுங்கள். 32-பிட் என்றால் 23 வரைதான். என் நெட்புக்கில் அந்த 23 தான் இருக்கிறது. இண்டர்நெட் கேபிளைக் கழற்றிவிட்டு ரசீது அடிக்க மட்டும் வைத்திருக்கிறேன்; பில் போட பிரவுசர் எதற்கு?