மெட்டல் ஹலைட்: வெளிச்சம் அருமை, நம்மூர்க் கரண்டுக்கு ஆகாது

பவளத் தொட்டிக்கு மேல் தொங்கவிடுகிற மெட்டல் ஹலைட் விளக்குக்குக் கரண்ட் நின்றுபோவது பிரச்சினையே இல்லை. போன கரண்ட் உடனே திரும்பி வருவதுதான் பிரச்சினை. மட்டக்களப்புக் கல்லடியில் என் பவளத் தொட்டிக்கு மேல் 2019 முதல் 250 வாட் பல்ப் ஒன்று தொங்குகிறது. இந்த ஒரு விஷயத்தில் அது எனக்குத் தராத எரிச்சல் இல்லை.

நடப்பது இதுதான். மத்தியானம் கச்சான் காற்று, அதுதான் தென்மேற்கிலிருந்து வருகிற வறண்ட காற்று, அடிக்கும். எங்கேயோ ஒரு தென்னோலை வயரில் முட்டும், வீட்டில் கரண்ட் ஒருக்கால் சிமிட்டும். ஃபேன் நிற்காது, டீவி கூட அணையாது, தொட்டி மட்டும் இருண்டுவிடும். பல்புக்குக் கரண்டை அளந்து கொடுக்கிற சோக் பெட்டிக்குள், அதைப் பற்றவைக்கிற இக்னைட்டர் 'டிர்ர்... டிர்ர்...' என்று உதைத்துக்கொண்டே இருக்கும், பல்ப் பற்றாது. பத்துப் பதினைந்து நிமிடம் இதே கூத்துத்தான். நன்றாக விரிந்து நின்ற ஸோஅந்திட்கள் (பூப்போல விரியும் பவள இன உயிர்கள்) மெல்லச் சுருங்கத் தொடங்கும். பிறகு ஊதாவாக ஒரு மின்னல், மங்கலாக ஒரு ரோஸ் நிறம், இன்னும் நாலைந்து நிமிடம் போனால்தான் சரியான வெள்ளை. அதற்குள் இன்னொரு சிமிட்டல் வந்தால் மறுகா முதலில் இருந்து தொடங்க வேண்டும்.

பல்பின் பிறவிக் குணம் அது. குவார்ட்ஸ் குழாய்க்குள் பாதரசமும் உலோக அயடைட்டுகளும் ஆவியாகி, அதன் நடுவே மின்வில், அதாவது விடாமல் எரிகிற ஒரு மின்பொறி, எரிகிறது. நமது 50 ஹேர்ட்ஸ் மின்சாரத்தில் அந்த வில்லில் ஓடும் கரண்ட் செக்கனுக்கு 100 தடவை பூச்சியத்தைக் கடக்கிறது. கடக்கும் நேரத்தில் வோல்டேஜ் கொஞ்சம் இறங்கினாலும் வில் அறுந்துவிடும். குழாய் ஆறியிருந்தால் உள்ளே அழுத்தம் குறைவு, இக்னைட்டர் கொடுக்கிற நாலாயிரம் ஐயாயிரம் வோல்ட் உதை போதும். சூடான குழாயில் அழுத்தம் பல மடங்கு, அந்த உதை எடுபடாது. ஆறும்வரை பார்த்துக்கொண்டு இருக்க வேண்டியதுதான். ஆகவே பல்பைத் திட்டுவது நியாயமில்லை என்று எனக்குத் தெரியும். ஆனாலும் கோபம் வருகிறது.

2022 மார்ச் கடைசியில் 13 மணித்தியாலம் வரைக்கும் கரண்ட் வெட்டினார்களே, அந்த நாட்களில் இந்த விளக்கு என்னைக் கொஞ்சமும் படுத்தவில்லை. வெட்டும் நேரம் முன்கூட்டியே தெரியும். பேட்டரி ஏர் பம்பைப் போட்டுவிட்டால் மீன்களுக்கு ஒட்சிசன் கிடைக்கும், கரண்ட் வந்ததும் ஆறிக் கிடந்த பல்ப் உடனே பற்றும். மென்பவளங்கள் அந்த இருட்டைத் தாங்கின. ஒரு செக்கன் சிமிட்டலைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

யூ.பி.எஸ். போடச் சொல்வார்கள். கணினிக்கு வாங்குகிற மலிவான யூ.பி.எஸ். பெரும்பாலும் சதுர அலைதான் தரும். சோக் பெட்டியில் இருக்கிற கபாசிட்டருக்கு அது ஆகாது. வீட்டுக் கரண்டைப் போலவே சுத்தமான சைன் அலை தருவது வேண்டுமென்றால் விளக்கை விட விலை கூட. இரும்புச் சோக்குக்குப் பதிலாகப் போடுகிற எலக்ட்ரோனிக் பலாஸ்ட் சின்ன இறக்கங்களைக் கொஞ்சம் தாங்கும். ஆனால் கடற்கரை உப்புக்காற்றில் அதன் சர்க்கிட் எத்தனை காலம் நிற்கும்? இரும்புச் சோக் என்றால் ஊர் எலக்ட்ரீஷியனே திறந்து பார்ப்பார். கடைசியில் பிரிட்ஜுக்குப் போடுகிற, கரண்ட் வந்தும் கொஞ்சம் பொறுத்தே திறந்துவிடுகிற தாமத ரிலே ஒன்றை இடையில் மாட்டினேன். பல்ப் சீக்கிரம் பற்றாவிட்டாலும் இக்னைட்டர் சும்மா உதைத்து உதைத்துக் கருகுவது நின்றது.

இவ்வளவு கோபத்தோடும் சொல்கிறேன், இந்த வெளிச்சத்துக்கு நிகராக வேறொன்றை நான் பார்க்கவில்லை. பாசிக்குடாக் கடலில் இடுப்பளவு தண்ணீரில் நின்று உச்சி வெயிலில் கீழே பார்த்தால் மணலில் வெளிச்சக் கோடுகள் பின்னிப் பின்னி ஓடுமே, அதே ஓட்டம் என் தொட்டியின் முருகைக் கல்லில் ஓடுகிறது. வெளிச்சம் மிகச் சின்ன வில் ஒன்றிலிருந்து வருவதால் தண்ணீரின் ஒவ்வொரு அலையும் அதை வளைத்துக் கோடாக்கிவிடுகிறது. டியூப் லைட்டில் இது வராது. எல்.ஈ.டி.யில் வரும், ஆனால் மலிவானவற்றில் சிவப்பும் நீலமும் தனித்தனியாகப் பிரிந்து ஓடும். வெளிச்சத்தின் நிறத்தைக் கெல்வினில் சொல்வார்கள். 10,000 கெல்வின் எனக்குக் கொஞ்சம் மஞ்சளாகத் தெரியும், 20,000 கெல்வின் மிகவும் நீலம். 14,000 அளவாக இருக்கிறது. மஷ்ரூம், லெதர் என்கிற பவள வகைகள் இதன் கீழ் நன்றாகப் பெருகின. இவை கடையில் வாங்கி வளர்த்த துண்டுகள். கடலில் இருந்து பவளம் உடைப்பது நம் நாட்டில் குற்றம், அதை யாரும் செய்ய வேண்டாம்.

சூடு பற்றி எல்லோரும் பயமுறுத்துவார்கள். பயம் நியாயமானதுதான். தண்ணீர் 30 பாகையைத் தாண்டி நின்றால் பவளம் வெளுக்கத் தொடங்கும். 1998இலும் 2016இலும் நம் கடலிலேயே அது நடந்தது. ஆனால் எங்கள் ஊரில் கச்சான் காலம் தொட்டிக்கு நல்ல காலம். காற்று காய்ந்து கிடப்பதால் தண்ணீர் மேல் ஒரு சின்ன ஃபேனைத் திருப்பிவிட்டாலே ஆவியாகிக் குளிர்ந்துவிடும். குறைகிற அளவுக்கு நல்ல தண்ணீர் விட்டுக்கொண்டே இருக்க வேண்டும். மாரிக்கு முந்திய புழுக்கத்தில்தான் ஃபேன் தோற்கும். அந்த வாரங்களில் விளக்கு நேரத்தைக் குறைத்துவிடுவேன்.

பில்லுக்கு வருவோம். நாளுக்கு 8 மணித்தியாலம் எரித்தால் சோக் இழுப்பதும் சேர்த்து மாதம் 65 யூனிட்டைத் தாண்டும். 2022 ஓகஸ்டிலும் 2023 பெப்ரவரியிலும் கட்டணம் ஏறியபோது, இந்த 65 யூனிட் வீட்டு பில்லைத் தூக்கி மேல் படியில் வைத்துவிட்டது.

இதையெல்லாம் இப்போது எழுதக் காரணம், அக்கரைப்பற்று நண்பன் ஒருவன், "மச்சான், கொழும்பில பழைய செட் ஒண்டு அரைவாசி விலைக்குக் கிடக்கு, எடுக்கவா?" என்று கேட்டதுதான். எல்லோரும் எல்.ஈ.டி.க்கு மாறுவதால் விலை விழுந்திருக்கிறது. என் பதில்: எடுக்காதே. சைன் அலை யூ.பி.எஸ்.ஸுக்கும் சேர்த்துக் காசு இருந்தால் மட்டும் யோசி. இந்தக் கரையில் இன்றைக்குள்ள கரண்டுக்கு இது சரிவராது. என் பல்பின் காலம் முடிந்ததும் நானும் எல்.ஈ.டி.க்குப் போகிறேன். இன்றைக்கும் அணைந்தது, அந்தச் சூட்டில்தான் எழுதுகிறேன். ஆனாலும் முடிவில் மாற்றமில்லை.

அப்படியும் எடுப்பேன் என்பவர்கள் வாங்கும்போது பல்ப் மாட்டுகிற இரண்டு முனையையும் கழற்றிப் பாருங்கள், கருகியிருந்தால் வேண்டாம். முன் கண்ணாடி கட்டாயம் இருக்க வேண்டும். இந்த வகைப் பல்பின் புறஊதாக் கதிரைத் தடுப்பது அந்தக் கண்ணாடிதான், இல்லாமல் எரித்தால் பவளமும் கருகும் கண்ணும் போகும். பல்பை வெறும் விரலால் தொடாதீர்கள். வருடம் ஒருமுறை மாற்ற வேண்டும் என்பதால், புதுப் பல்ப் எங்கே கிடைக்கும் என்று விசாரித்த பிறகே காசைக் கொடுங்கள்.