ஒளிரும் கல்மேசை: 4 ஆண்டுப் பயன்பாட்டுக்குப் பிறகு

என் வீட்டுக் கூடத்தில் இரண்டு மேசைகள் இருக்கின்றன, இரண்டும் என் கையால் செய்தவை. உடைந்துபோன கிரானைட் மேடைப் பலகை, தரைக்குப் போட்டு மிஞ்சிய வெள்ளைப் பளிங்குத் துண்டுகள், நிறக் கண்ணாடிப் பாட்டில் சில்லுகள். இவற்றை எபாக்ஸி ரெசினில் (இரண்டு திரவங்களைக் கலந்து ஊற்றினால் கண்ணாடி மாதிரி இறுகும் பிசின்) பதித்து, உள்ளிருந்து எல்இடி வெளிச்சம் வருகிற மாதிரி செய்தேன். கால்கள் பழைய கதவு நிலையின் சட்டங்கள். முதல் மேசைக்கு 4 வயது, இரண்டாவதுக்கு இரண்டரை. செய்து முடித்த அன்று எடுத்த படங்களை எல்லோரும் போடுகிறார்கள். நாலு வருஷம் தூசி, வெயில், சூடு எல்லாம் பட்ட பிறகு அது எப்படி இருக்கிறது என்று யாரும் எழுதக் காணோம். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

முதல் மேசையில் விளக்கு அணைந்தது 18-ஆவது மாதம். முழுதாக அணையவில்லை. நடுவில் மூன்று பல்புகள் மட்டும் இருண்டன. 12 வோல்ட் எல்இடி ஸ்ட்ரிப்பில் (சின்னப் பல்புகள் வரிசையாகப் பதித்த நாடா) பெரும்பாலும் மும்மூன்று பல்புகளாகத் தொடரில் கோத்திருப்பார்கள். ஒன்று போனால் அந்த மூன்றும் போகும். ஸ்ட்ரிப்பை ரெசினுக்குள்ளேயே வைத்து ஊற்றியிருந்தேன். கடையில் கிடைக்கும் பல மேசைகளும் அப்படித்தான் வருகின்றன. இறுகிய ரெசினுக்குள் கையை விட முடியுமா? எல்இடி சூட்டை வெளியே தள்ளினால்தான் நீண்ட நாள் உழைக்கும். ரெசினோ சூட்டை எளிதில் கடத்தாது. சூடு உள்ளேயே நின்றுவிடுகிறது. போதாக்குறைக்கு, நான் வாங்கியது சிலிகான் உறை போட்ட ஸ்ட்ரிப். எபாக்ஸி சிலிகானில் ஒட்டாது. உறையை ஒட்டி ஒரு மெல்லிய காற்றுப் படலம் நின்று, விளக்கு எரியும்போது வெள்ளிக் கம்பி போலத் தெரிந்தது.

இந்த வகை மேசையைச் செய்கிறவர்களுக்கும் வாங்குகிறவர்களுக்கும் நான் முதலில் சொல்வது இதுதான்: விளக்கைக் கழற்றி மாற்ற வழி இருக்க வேண்டும். இரண்டாவது மேசையில் அடிப்பக்கம் ஒரு காடி வெட்டி, அலுமினியச் சட்டத்துக்குள் ஸ்ட்ரிப்பை வைத்து, மேலே பால் நிற மூடி போட்டேன். சட்டம் சூட்டை வாங்கி வெளியே விடுகிறது. மூடி, புள்ளி புள்ளியாகத் தெரியாமல் வெளிச்சத்தைப் பரப்புகிறது. மீட்டருக்கு 14.4 வாட் ஸ்ட்ரிப் 2 மீட்டர், அதாவது ஏறக்குறைய 29 வாட். அதற்கு 36 வாட் அடாப்டர் வைத்தேன். டிம்மரில் பாதி வெளிச்சத்துக்கு மேல் போனதே இல்லை, கண்ணுக்கும் அதுதான் இதம்.

அடுத்தது, வெளிச்சம் எதையும் மறைக்க விடாது. விளக்கில்லாத ரெசின் மேசையில் கண்ணில் படாத குமிழி, தூசி, கீறல் எல்லாம் அடியிலிருந்து ஒளி வந்ததும் எழுந்து நிற்கும். முதல் மேசையில் ஒரு பளிங்குத் துண்டின் விளிம்பிலிருந்து கடுகை விடச் சிறிய குமிழிகள் வரிசையாக மேலே ஏறி, பாதியில் உறைந்து நிற்கின்றன. கல்லின் நுண்துளைகளில் இருந்த காற்று, ரெசின் இறுகும்போது வந்த சூட்டில் விரிந்து வெளியேறிய தடம் அது. கல்லுக்கு முதலில் மெல்லியதாக ஒரு பூச்சு ரெசின் தடவி, இறுக விட்டு, பிறகு ஊற்றியிருந்தால் வந்திருக்காது. இரண்டாவதில் அப்படிச் செய்தேன். ஒவ்வொரு படலம் ஊற்றுவதற்கு முன்பும் அடியில் விளக்கைப் போட்டுப் பார்த்தேன். உப்புத்தாள் போடும்போதும் அப்படியே. தாளின் எண் கூடக் கூட நைசாகும்; 240-இலிருந்து 800-க்குத் தாவினால் அந்த 240-இன் கீறல் பகலில் தெரியாது, இரவில் தலைமுடி மாதிரி மின்னும்.

கண்ணாடிச் சில்லு பற்றியும் சொல்ல வேண்டும். கண்ணாடி, எபாக்ஸி இரண்டின் ஒளிவிலகல் எண்ணும், அதாவது ஒளியை வளைக்கும் அளவும், ஏறத்தாழ 1.5. அதனால் நிறமில்லாத சில்லு ரெசினுக்குள் போனதும் காணாமல் போய்விடுகிறது. பச்சையும் பழுப்பும் மட்டும் விளிம்பு இல்லாத நிறத் துளிகளாக மிதக்கின்றன. இந்த மேசைகளில் எனக்கு மிகவும் பிடித்தது அதுதான். கிரானைட் ஒளியை விடாது. இருண்ட தீவு மாதிரி நிற்கும், அதன் ஓரத்தில்தான் அழகு. வெள்ளைப் பளிங்கைத் தேய்த்து மெலிதாக்கினால் உள்ளே ஒளி ஊறி, நரம்புகள் தெரியும்.

கல்லும் ரெசினும் சேர்ந்து வாழ்வது எளிதல்ல. சூடேறினால் ரெசின் கிரானைட்டை விடப் பல மடங்கு விரியும். மூன்றாம் ஆண்டில் முதல் மேசையில் ஒரு கிரானைட் விளிம்பை ஒட்டி மயிரிழை இடைவெளி விட்டது. பளபளப்பாக்கிய முகத்தை அப்படியே பதித்தது என் தவறு. இரண்டாவதில் ஒட்டவேண்டிய பக்கம் முழுவதையும் சொரசொரப்பாகத் தேய்த்து, தூசியைத் துடைத்து, பிறகு ஊற்றினேன். இதுவரை விலகவில்லை.

ரெசின் நாளடைவில் மஞ்சளிக்கும் என்பது உண்மை. புற ஊதா தாங்கும் ரெசின் என்று போட்டிருந்தாலும் அது தள்ளிப்போடும், தடுக்காது. சன்னல் ஓரத்து முனையில் ஒரு புத்தக அடுக்கு பல மாதம் அசையாமல் இருந்தது. எடுத்துப் பார்த்தால் அடியில் ஒரு செவ்வகம் மட்டும் வெளுப்பாக, சுற்றிலும் தேன் நிறம். குளிர்ந்த வெள்ளை விளக்கில் அது உறுத்தும். 3000 கெல்வின் மஞ்சள் வெளிச்சத்துக்கு மாற்றியதும் அடங்கிவிட்டது.

சூடான கோப்பை வைத்த இடத்தில் மங்கிய வளையம் விழுந்திருக்கிறது. அறை வெப்பத்தில் இறுகும் பல எபாக்ஸிகள் 50, 60 டிகிரி செல்சியஸிலேயே இளக ஆரம்பித்துவிடும். ஈரம் போட்டு 800 முதல் 3000 எண் வரை உப்புத்தாளால் தேய்த்து மெருகேற்றியதில் வளையம் போயிற்று. கல் மேல் வைத்தால் ஒன்றும் ஆவதில்லை, அதனால் இப்போது கோப்பை கல்லின் மேல்தான்.

செய்ய இறங்குகிறவர்கள் இரண்டு விஷயத்தில் அலட்சியம் காட்டக் கூடாது. கிரானைட்டை உலர்வாக அறுத்தால் பறக்கிற சிலிக்கா தூசி நுரையீரலைக் கெடுக்கும். தண்ணீர் விட்டுத்தான் அறுக்க வேண்டும், முகக்கவசமும் வேண்டும். இறுகாத எபாக்ஸி கையில் பட்டுப் பட்டு ஒவ்வாமை வந்தால் பெரும்பாலும் வாழ்நாள் முழுவதும் விடாது. நைட்ரைல் கையுறை இல்லாமல் டப்பாவைத் திறக்காதீர்கள்.

பழைய பொருள் என்பதால் இது சுற்றுச்சூழலுக்கு நல்லது என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. கல்லும் சில்லும் குப்பைக்குப் போகாமல் தப்பின, சரி. ரெசின் புதிதாக வாங்கியது. ஒருமுறை இறுகினால் உருக்கி வார்க்கவும் முடியாது. அதனால் கல்லை நெருக்கமாக அடுக்கி, ரெசினை இடைவெளிக்கு மட்டும் விடுவதையே விரும்புகிறேன். அப்புறம் எடை. கல் தண்ணீரைப் போல 2.7 மடங்கு கனம், நகர்த்த இரண்டு பேர் வேண்டும்.

முதல் மேசையையும் விட்டுவிடவில்லை. கவிழ்த்துப் போட்டு அடியில் காடி வெட்டி, புது விளக்கு வைத்தேன். இருண்டுபோன பழைய ஸ்ட்ரிப் உள்ளே ஒரு கோடாக இன்னும் தெரிகிறது. இரண்டாவது மேசையில் போன மாதம் ஒரு முனை மங்கியது. நாலு திருகுகளைக் கழற்றி, ஸ்ட்ரிப்பை உருவி, புதியதை ஒட்டி மூட கால் மணி நேரம் ஆனது.