நைட்ரஸ் வயரிங்: ரிலேய குறை சொல்ல ஏலாது, பேஸ்தான் உயிரை வாங்குது

தெஹிவளையில இருக்கிற ஒரு கூட்டாளி கேட்டான், "மச்சான் நைட்ரஸுக்கு 30 ஆம்பியர் ரிலேயா 40 ஆம்பியரா வாங்கிறது" எண்டு. நைட்ரஸ் எண்டா பவர் கூட்ட இன்ஜினுக்குள்ள அடிக்கிற வாயு, ரிலே எண்டா சின்னக் கரண்ட்ல பெரிய கரண்ட ஓன் பண்ற சுவிட்ச். வொயிஸ் மெசேஜ்ல சொல்லி முடிக்கிற கதையில்ல, அதான் எழுதுறன். என்னட்ட இருக்கிறது பழைய சிவிக் ஈகே3, வெட் கிட் (நைட்ரஸோட கூடுதல் பெட்ரோலும் அடிக்கிற வகை), 50 குதிரைச் சக்தி கூட்டுற ஜெட். கட்டுக்குருந்த மாதிரி மூடின ரேஸ் ட்ரக்கில மட்டும்தான் போத்தல் திறக்கிறது, கோல் ரோட்டில இல்ல.

ரிலேயப் பத்தி யோசிக்கவே வேணாம். பஞ்சிகாவத்தை பாட்ஸ் கடையள்ல ஹோர்னுக்கும் ஸ்பொட் லைட்டுக்கும் குடுக்கிற அந்த நாலு கால் கறுப்புப் பெட்டி போதும், நான் வருஷக்கணக்கா அதைத்தான் போட்டு ஓடுறன், ஒருக்காக்கூட ஏமாத்தல. ரெண்டு சொலினாய்டும் (கரண்ட்ல திறக்கிற வால்வு, நைட்ரஸுக்கு ஒண்டு, பெட்ரோலுக்கு ஒண்டு) சேர்ந்து 10 ஆம்பியருக்கு மேல இழுக்கும், ஆனா ரிலே கொயில் இழுக்கிறது 0.2 ஆம்பியர் கூட வராது, அதாலதான் மிதிய முழுசா அமத்தேக்க அமுங்கிற அந்தச் சின்ன மைக்ரோ சுவிட்ச் கருகாம இருக்கு. ரிலே கால்ல எழுதியிருக்கிற நம்பர்ப்படி 30ல பெட்டரி, 87ல சொலினாய்ட் ரெண்டும், 86ல சுவிட்ச், 85 பொடி ஏர்த். இவ்வளவுதான் வேலை.

கோவம் வாறது ரிலே குத்திற அந்த பேஸ்லதான். வயர் போட்டே வாற பிளாஸ்டிக் பேஸ். வெளிய ரப்பர் மொத்தமா இருக்கும், உரிச்சுப் பாத்தா உள்ள செம்பு நூல் மாதிரி. அந்த லட்சணத்துல வெள்ளவத்தை உப்புக்காத்து வேற, மரைன் டிரைவ் பக்கம் கார் நிக்கிற ஆக்களுக்குத் தெரியும், ஏசி பைப்பையே திண்டுபோடும், பேஸுக்குள்ள இருக்கிற கால்மட்டும் எப்பிடித் தப்பும். பச்சை பூக்குது, கால் லூஸாகுது, பிறகு சூடாகி பிளாஸ்டிக் உருகுது. போன மாசம் திரும்பவும் மாத்தினன், அப்பதான் இதவிட மோசமான ஒண்டையும் கண்டன். பெட்ரோல் சொலினாய்டுக்குப் போற வயர்ல கிட்டோட வந்த கிரிம்ப் (வயர நசுக்கிப் பிடிக்கிற கனெக்டர்) ஒண்டு, உள்ளுக்குள்ளயே பச்சையாகி, லோட்ல வச்சுப் பாத்தா 9 வோல்ட்தான் வருது. பக்கத்துல நைட்ரஸ் சொலினாய்டுக்கு முழுசா போகுது.

பேஸ் உருகினா ரெண்டு சொலினாய்டும் சேர்ந்து நிக்கும், கார் பவர் இல்லாம போகும், அவ்வளவுதான், நட்டமில்ல. ஒரே 87ல ரெண்டையும் போடுறதே அதுக்குத்தான். ஆனா பெட்ரோல் பக்கத்து கிரிம்ப் மட்டும் செத்து, நைட்ரஸ் மட்டும் திறந்தா? ஒட்சிசன் கூட, பெட்ரோல் இல்ல, பிஸ்டன் உருகிறதுக்கு கனநேரம் வேணாம். இதுக்கு எல்லாரும் சொல்ற மருந்து பியூவல் பிரஷர் சேஃப்டி சுவிட்ச், பெட்ரோல் பிரஷர் விழுந்தா நைட்ரஸ வெட்டிறது. என்னட்டயும் இருக்கு, நல்ல சாமான்தான், பம்ப் சாகேக்க காப்பாத்தும். ஆனா அது நிக்கிறது சொலினாய்டுக்கு முன்னால, லைன்ல. சொலினாய்ட் திறக்காட்டி லைன்ல பிரஷர் இன்னும் நல்லாவே இருக்கும், சுவிட்ச் "எல்லாம் ஓகே" எண்டு சொல்லிக்கொண்டே இருக்கும். அந்த சுவிட்ச போட்டா நிம்மதியா நித்திரை கொள்ளலாம் எண்டு விக்கிறாங்களே, அதுதான் எனக்கு எரியுது.

ஒவ்வொரு ட்ரக் நாளுக்கும் முதல் நான் செய்யிறது இதுதான். இன்ஜின் ஓடேக்க பம்ப் வயரைக் கழட்டி தானா நிக்க விடுறது, இல்லாட்டி சொலினாய்ட் திறந்த உடன மிச்ச பெட்ரோல் இன்டேக்குக்குள்ள போய் நிக்கும். போத்தலப் பூட்டி லைனையும் காலி பண்ணிட்டு, 86க்கு நேரா 12 வோல்ட் குடுத்து, மீட்டர்ட ஒரு முனைய பெட்டரி பிளஸ்லயும் மத்ததை சொலினாய்ட் பிளஸ் வயர்லயும் வைக்கிறன். அரை வோல்ட்டுக்கு மேல காட்டினா அந்த லைன்ல ஏதோ கள்ளன் இருக்கிறான். ஏர்த் பக்கமும் அதே மாதிரிப் பாக்கணும். கனநேரம் பிடிக்க வேணாம், கொயில் கொதிக்கும். லோட் இல்லாம பாத்தா எல்லா வயரும் 12 வோல்ட் காட்டி நல்ல பிள்ளையா நடிக்கும், அதை நம்பாதீங்க.

கூட்டாளிட கார்ல ஒரு கராஜ்ல அஞ்சு கால் ரிலே போட்டுக் குடுத்திருக்கிறாங்க, 87ஏ வயர் டேப் கூட ஒட்டாம தொங்குது. ரிலே சும்மா இருக்கேக்க கரண்ட் நிக்கிற கால் அதுதான், பொடியில பட்டா பியூஸ் போகும். அதவிடப் பெரிய கதை, அறியாம யாராவது சொலினாய்ட அதுல கொழுவினா சுவிட்ச் ஓஃப்ல இருக்கேக்க நைட்ரஸ் திறக்கும். நாலு கால் வாங்குங்க, கேள்வியே வராது.

கிட் படத்துல மைக்ரோ சுவிட்ச 85 பக்கம், ஏர்த்ல போடச் சொல்லும். எனக்கு அது பிடிக்கல. அந்த வயர் எங்கயாவது உரஞ்சி பொடியில பட்டா, மெயின் சுவிட்ச் (முழு சிஸ்டத்தையும் ஓன் பண்றது) ஓன்ல இருக்கேக்க ஐடில்லயே அடிக்கும், இன்டேக் வெடிக்கும். நான் ரெண்டு சுவிட்சையும் 86 பக்கம் வரிசையாப் போட்டு, 5 ஆம்பியர் பியூஸ் வச்சு, அந்தக் கரண்டையும் பெட்ரோல் பம்ப் வயர்ல இருந்து எடுத்தன். உரஞ்சா பியூஸ்தான் போகும், இன்ஜின் நிண்டா பம்போட நைட்ரஸும் நிக்கும். ஆர்பிஎம் விண்டோ சுவிட்ச் (குறிச்ச ஆர்பிஎம்முக்குள்ள மட்டும் நைட்ரஸ் விடுறது) வச்சிருக்கிற ஆக்களுக்கு இது அப்பிடியே சரிவராது, அது கூடுதலா ஏர்த்தத்தான் வெட்டும். சொலினாய்டுக்குக் குறுக்க ஒரு 1என்4007 டயோட், கோடு இருக்கிற பக்கம் பிளஸ்ல, ஓஃபாகேக்க கொயில் அடிக்கிற வோல்ட்ட அது விழுங்கும். புறக்கோட்டை ஃபர்ஸ்ட் குரொஸ் ஸ்ட்ரீட்ல சில்லறைக் காசு. ரிலே கருகாம இருக்கிறதுக்கு இதுவும் காரணம்.

எதிர்பாராத சந்தோசம் ஒண்டு: போத்தல் ஹீட்டர் கொழும்புக்குத் தேவையே இல்ல. 30 பாகை வெயில்லயே போத்தல் 900 பிஎஸ்ஐ பிரஷர் காட்டுது, அதுதான் வேண்டிய அளவு. மாறா மத்தியானம் டிக்கியில விட்டா 36 பாகை தாண்டி, உள்ள திரவமே இல்லாமப் போய் பிரஷர் ஏறும், ஈரச்சாக்கு போட்டு ஆத்த வேண்டி வரும். ஹீட்டருக்கு வந்த ரிலேயக் கழட்டி ஸ்பெயரா வச்சிருக்கிறன்.

ஆக மச்சான், 30 ஆம்பியரே காணும். பேஸ் வாங்கேக்க ரப்பர் சீல் உள்ள வோட்டர்புரூஃப் வகையாப் பாத்து, வயர் மொத்தத்தை உரிச்சுப் பாத்து வாங்கு, கிட்டோட வாற கிரிம்ப் எல்லாத்தையும் வெட்டி எறிஞ்சிட்டு பசை உள்ள ஹீட் ஷ்ரிங்க் போடு. இவ்வளவு நல்லா ஓடுற சிஸ்டத்துக்கு 10க்கு 9 குடுப்பன், ஆனா என்னட்டக் கேட்டா வாங்காத, கிரிம்ப் கிரிம்பா மீட்டர் பிடிக்கிற பொறுமை உனக்கு இல்ல, எனக்கும் முடிஞ்சு போச்சு. என்ர செட்டை விக்கிறதுக்கு ஆள் பாக்கிறன், ஹீட்டர் மட்டும் சும்மா தாறன்.