பாங்காக்கிலிருந்து சியாம் ரீப்புக்கு ‘ஒரே டிக்கெட்’ வாங்கி நாங்கள் ஏமாந்த கதை

என் பெரியம்மா பேத்தி அடுத்த மாதம் பாங்காக் போய், அங்கிருந்து தாய்லாந்தின் எல்லை ஊரான நோங் காய் வழியாகத் தரைமார்க்கமாகவே லாவோஸுக்குப் போகப் போகிறாள். முதுகில் ஒரு பை, கையில் அளவான பணம், கூட ஒரு தோழி, அவ்வளவுதான். நேற்று போனில் பேசும்போது, “சித்தி, காவ் சான் சாலையில ஒரே டிக்கெட்டா கிடைக்குதாம், வேன்ல ஏறினா நேரா அந்த நாட்டுல இறக்கி விட்டுடுவாங்களாம்” என்று சந்தோஷமாகச் சொன்னாள். எனக்குப் பகீரென்றது. 2024 ஜனவரியில், பாங்காக்கில் குறைந்த செலவுப் பயணிகள் கூடுகிற அதே சாலையில் அதே மாதிரி ஒரு டிக்கெட்டை வாங்கித்தான் நானும் என் தம்பியும் மாட்டினோம். அவளுக்காக எழுத ஆரம்பித்தது நீண்டுகொண்டே போனதால் எல்லோருக்குமாகவே எழுதிவிடுகிறேன்.

முதலில் ஒரு பழைய விஷயம் சொல்ல வேண்டும். பாங்காக் எனக்குப் புதிய ஊர் இல்லை. 2014-ல் ஒரு தோழியோடு போயிருந்தேன், அதுதான் என் முதல் வெளிநாட்டுப் பயணம். விமான நிலையத்தில் விசா வாங்க 1,000 பாட் (தாய்லாந்துப் பணம்) கட்டணம், அது போக கையில் 10,000 பாட் இருக்கிறதா என்று எடுத்துக் காட்டச் சொல்லலாம் என்று யாரோ சொல்லியிருந்ததால் விமானத்தில் இருந்த நேரம் முழுக்கப் பணத்தை எண்ணிக்கொண்டே இருந்தோம். வெளியே வந்தால் ஒரு எழுத்தும் புரியவில்லை, பேச்சும் புரியவில்லை, சாலையைக் கடக்கவே பயம். இரண்டாம் நாள் அரண்மனை மதில் ஓரமாக நடந்துகொண்டிருந்தபோது நன்றாக உடுத்திய ஒருவர் வந்து, இன்று விசேஷ நாள், அரண்மனை மூடியிருக்கிறது, மதியம்தான் திறப்பார்கள், அதுவரை 20 பாட்டுக்கு டுக் டுக் என்கிற ஆட்டோவில் ஊர் சுற்றிப் பாருங்கள் என்றார். நம்பிப் போனோம். வண்டி கடைசியில் ஒரு கல் கடையில் நின்றது. நீலக்கல் என்று சொல்லி 4,000 பாட்டுக்கு ஒரு மோதிரத்தைத் தலையில் கட்டிவிட்டார்கள், சென்னையில் நகைக்கடைக்காரர் பார்த்துவிட்டு கண்ணாடி என்றார். அரண்மனை அன்று திறந்துதான் இருந்தது. அதற்கு மேல் அந்த ஊரில் எங்களுக்குக் கால் நகரவில்லை. சீலோம் சாலையில் இருக்கும் மாரியம்மன் கோயில்தான் ஆறுதல். 19ஆம் நூற்றாண்டில் அங்கே பிழைக்கப் போன தமிழர்கள் எழுப்பிய கோயில், வாசலில் நம்மூர்க் கோபுரம். உள்ளே போய் உட்கார்ந்து அழுதேன். அன்றைக்கு யாரையும் எதிர்த்து ஒரு வார்த்தை கேட்கத் தைரியம் வரவில்லை.

பத்து வருடம் கழித்து, இந்தியர்களை விசா இல்லாமலே தாய்லாந்துக்குள் விட ஆரம்பித்த பிறகு, தம்பியைக் கூட்டிக்கொண்டு மறுபடி போனேன். இந்த முறை ரயில், பேருந்து, படகு என்று எல்லாவற்றிலும் தைரியமாக ஏறினேன். அரண்மனைப் பக்கம் ஒருவர் ‘இன்று மூடியிருக்கிறது’ என்று ஆரம்பித்ததும் பேசாமல் கடந்து நேராக நுழைவாயிலுக்குப் போனோம். அந்த ஊரின் சூட்சுமமெல்லாம் எனக்குத் தெரிந்துவிட்டது என்று மனதார நினைத்தேன். அதனால்தான் கம்போடியாவின் அங்கோர் வாட் கோயிலைப் பார்க்க அங்குள்ள சியாம் ரீப் ஊருக்குப் போகலாம் என்று முடிவானதும் விசாரிக்காமலே காவ் சான் சாலையில் ஒரு டிராவல்ஸ் கடையில் ஆளுக்கு 800 பாட் கொடுத்து டிக்கெட் வாங்கினேன். பாங்காக்கின் பழைய ரயில் நிலையமான ஹுவா லம்போங்கிலிருந்து காலை ஆறு மணிக்கு முன்பே எல்லைக்கு ஒரு மூன்றாம் வகுப்பு ரயில் கிளம்பியது, அதன் கட்டணம் 50 பாட்டுக்கும் கீழே என்பது எனக்கு அப்போது தெரியாது.

காலை ஏழரைக்கு மினிவேன் வந்தது. ஏறும்போதே எல்லோர் சட்டையிலும் ஒரு பச்சை ஸ்டிக்கர் ஒட்டினார்கள். எதற்கு என்று கேட்டால், வழியில் வண்டி மாறும்போது அடையாளத்துக்கு என்றார்கள். உண்மையில் அது நாம் எந்தக் கடையின் ஆள், இன்னும் கறக்கலாமா என்பதை வழியில் நிற்கிறவர்களுக்குக் காட்டுகிற அடையாளம். அப்படி ஒட்டினால் உடனே கிழித்துப் போடுங்கள்.

தாய்லாந்துப் பக்கத்து எல்லை ஊரான அரண்யப்ரதெத் வந்ததும் வண்டி எல்லைக்குப் போகவில்லை. ஒரு சாப்பாட்டுக் கடையின் பின்பக்கம் போய் நின்றது. பிளாஸ்டிக் மேஜைகள், கம்போடியக் கொடி ஒட்டிய ஒரு பலகை, கழுத்தில் அட்டை மாட்டிய மூன்று பேர். விசா இங்கேதான், பாஸ்போர்ட்டும் ஒரு போட்டோவும் 1,700 பாட்டும் கொடுங்கள் என்றார்கள். தம்பி என் காதில், “அக்கா, இது எல்லை மாதிரியே இல்லையே, ஒரு போலீஸ்கூட இல்ல, முதல்ல வெளிய போய்ப் பாத்துட்டு வரலாமா” என்றான். நான், “சும்மா இருடா, எனக்குத் தெரியும்” என்றேன். அந்த ஒரு வாக்கியத்தை நினைத்து இன்றும் வருத்தப்படுகிறேன்.

கேள்வி கேட்டபோது வரிசையாகப் பதில் வந்தது. எல்லையில் மூன்று மணி நேரம் வரிசை, அங்கே இன்னும் அதிகம் கேட்பார்கள், இந்தியர்களுக்குத் தனி நடைமுறை, நீங்கள் தாமதித்தால் வேன் உங்களை விட்டுவிட்டுப் போய்விடும். வண்டியில் இருந்த ஒரு ஜெர்மன் பையன் தரமாட்டேன் என்று சொல்லிவிட்டுப் பையைத் தூக்கிக்கொண்டு நடந்தே போய்விட்டான். மற்ற எல்லோரும் கொடுத்தார்கள், நாங்களும் கொடுத்தோம். பாஸ்போர்ட்டை ஒரு பையன் பைக்கில் எடுத்துக்கொண்டு எங்கேயோ போனான். ஏறக்குறைய முக்கால் மணி நேரம். அந்நிய நாட்டில், யாரென்றே தெரியாத ஒருவன் கையில் பாஸ்போர்ட் போய்விட்டதே என்று அப்போதுதான் உறைத்தது. சோறு ஆர்டர் செய்திருந்தோம், ஒரு வாய் இறங்கவில்லை.

பாஸ்போர்ட் திரும்பி வந்தது, உள்ளே இருந்த விசாவும் நிஜமானதுதான். அதனால்தான் பலர் இதை ஏமாற்று என்றே நினைப்பதில்லை. கணக்கைப் பாருங்கள். தாய்லாந்து வெளியேறும் முத்திரை வாங்கிவிட்டு, ஓடை மேலுள்ள சிறிய பாலத்தைத் தாண்டினால், அங்கோர் கோபுர வடிவில் ஒரு பெரிய வளைவு. அதன் அருகிலேயே விசா அலுவலகம், அங்கே பலகையில் சுற்றுலா விசா 30 டாலர் என்று எழுதியிருந்தது. அன்றைய விலையில் சுமார் 1,050 பாட். வரிசையில் எனக்குத் தெரிந்து ஏழெட்டுப் பேர்தான். நடந்து போன ஜெர்மன் பையன் வேலையை முடித்துவிட்டு ஓரமாக உட்கார்ந்து தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தான். எங்கள் இரண்டு பேருக்கும் சேர்த்து 1,300 பாட் வீண், நம் பணத்தில் மூவாயிரம் ரூபாய். குறைந்த செலவில் சுற்றுகிறவர்களுக்கு அது மூன்று இரவு தங்குகிற காசு.

இதில் பிடித்துக்கொள்ள வேண்டிய விஷயம் இதுதான்: தாய்லாந்திலிருந்து வெளியேறும் முத்திரை பாஸ்போர்ட்டில் விழுவதற்கு முன்னால் யார் விசா எடுத்துத் தருகிறேன் என்று வந்தாலும் அவர் இடைத்தரகர். மேஜை, கொடி, கழுத்தட்டை எதையும் நம்பாதீர்கள். கவலையே வேண்டாம் என்றால் கம்போடிய அரசின் இணையதளத்திலேயே இ-விசா எடுத்து அச்சடித்துக்கொண்டு போங்கள், அப்போது 36 டாலர்தான் ஆனது.

கம்போடியப் பக்கத்து எல்லை ஊரான போய்பெட் தாண்டினதும் தொல்லை விடவில்லை. வேறொரு வண்டிக்காக ஊருக்கு வெளியே ஒரு நிலையத்தில் உட்கார வைத்தார்கள். அங்கே ஒருவர் மிகவும் அன்பாகப் பேசினார், இந்தியப் படங்கள் பற்றியெல்லாம். சியாம் ரீப்பில் ஏடிஎம் சரியாக வேலை செய்யாது, டாலரை வாங்கமாட்டார்கள், இங்கேயே கம்போடியப் பணமான ரியலாக மாற்றிக்கொள்ளுங்கள் என்றார். களைப்பில் 100 டாலர் மாற்றினேன், 3,20,000 ரியல் கொடுத்தார். ஒரு டாலருக்கு நான்காயிரத்துக்கு மேல் கிடைக்கும் என்பது சியாம் ரீப்பில் போய் விசாரித்த பிறகுதான் தெரிந்தது. ஏடிஎம்மில் டாலராகவே பணம் வருகிறது, டீக்கடையில்கூட டாலர் வாங்குகிறார்கள், சில்லறைக்குத்தான் ரியல்.

எல்லையிலிருந்து சியாம் ரீப் சுமார் 150 கிலோமீட்டர், நல்ல சாலை, இரண்டரை மணி நேரம் போதும். எங்களை இரவு ஒன்பதரைக்கு இறக்கிவிட்டார்கள், அதுவும் ஊருக்கு வெளியே இருட்டில். வேண்டுமென்றே தாமதிக்கிறார்கள் என்பது இறங்கியதும் புரிந்தது. அந்த நேரத்தில் அலைய முடியாது, அங்கே தயாராக நிற்கும் டுக் டுக்கில் ஏறி அவர்கள் காட்டுகிற விடுதிக்குத்தான் போக வேண்டியிருக்கும். அப்புறம் தம்பி விடாப்பிடியாக மறுத்து, நாங்கள் பதிவு செய்திருந்த விடுதிக்குப் போன் செய்து, அவர்களே ஒரு வண்டி அனுப்பினார்கள். இந்த முறை அவன் பேச்சைக் கேட்டேன்.

அங்கோர் பற்றி எழுத இது இடமில்லை. மூன்று நாள் சீட்டு 62 டாலர், ஒவ்வொரு டாலருக்கும் தகும். அதை மட்டும் சொல்லிவிடுகிறேன்.

திரும்பும்போது யாரிடமும் டிக்கெட் வாங்கவில்லை. காலையில் ஷேர் டாக்ஸியில் போய்பெட், நடந்தே எல்லை தாண்டி, பான் க்லோங் லுக் என்று எல்லைக்கு அருகிலேயே இருக்கும் சின்ன ரயில் நிலையம். மதியம் இரண்டு மணிக்குக் கொஞ்சம் முன்னால் பாங்காக் ரயில். கண்ணாடி இறக்கிய ஜன்னல், மேலே மின்விசிறி, இரண்டு பக்கமும் வயல். ஒரு அம்மா வாழையிலையில் சுட்ட கோழியும் ஒட்டுச் சோறும் விற்றுக்கொண்டே வந்தார், இன்னொருவர் மாங்காயும் மிளகாய் உப்பும். பாங்காக்குக்குள் மக்கசான் நிலையத்தைத் தாண்டும்போது இருட்டிவிட்டது. தண்டவாளத்தை ஒட்டியே வீடுகள், வாசலில் குழந்தைகள், அவற்றுக்கு மேலே உயரமான கட்டடங்களின் விளக்குகள். 2014-ல் இதே ஊரைப் பார்த்து நடுங்கினேன் என்பதை நம்பவே முடியவில்லை. ஹுவா லம்போங் வாசலில் ஒரு டுக் டுக் ஓட்டுநர் சீலோமுக்கு 300 பாட் கேட்டார். நாங்கள் படியிறங்கி மெட்ரோவில் இரண்டாவது நிலையத்தில் இறங்கினோம்.

மறுநாள் காலை மாரியம்மன் கோயிலுக்குப் போய்விட்டு நேராக அந்த டிராவல்ஸ் கடைக்குப் போனோம். ரசீதைக் காட்டி, எல்லைக்கு முன்னால் விசா வாங்க வைத்தது ஏன், அதிகமாக வாங்கிய 1,300 பாட் எங்கே என்று கேட்டேன். கடையில் இருந்த பெண், அது வேறு கம்பெனி, எங்களுக்குச் சம்பந்தமில்லை என்றார். டிக்கெட்டில் உங்கள் கடை முத்திரைதானே இருக்கிறது என்றேன். சிரித்தார். அதே டிக்கெட் வாங்க அப்போது கடைக்குள் நின்றிருந்த இரண்டு பிரெஞ்சுப் பெண்களிடம் திரும்பி நடந்ததை முழுதும் சொன்னேன். பிறகு போனை எடுத்து 1155 என்று அழுத்தி அந்தப் பெண்ணிடம் காட்டினேன். அது சுற்றுலாக் காவல்துறையின் எண், ஆங்கிலத்தில் பேசலாம், எல்லோரும் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். அழைக்க வேண்டியே வரவில்லை. உள்ளே போய் யாரிடமோ பேசிவிட்டு வந்து 600 பாட் கொடுத்தார். மீதி வரவில்லை. பிரெஞ்சுப் பெண்கள் டிக்கெட் வாங்காமல் எங்களோடே வெளியே வந்தார்கள், காலை ரயில் விவரத்தை அவர்கள் நோட்டில் தம்பி எழுதிக் கொடுத்தான்.

இத்தனை நாள் எழுதாமல் இருந்ததற்குக் காரணம், 2025-ல் தாய்லாந்துக்கும் கம்போடியாவுக்கும் சண்டை மூண்டு எல்லைக் கடவுகள் மூடப்பட்டன, இனி யார் அந்த வழியில் போவார்கள் என்று விட்டுவிட்டேன். கம்போடியா போகிறவர்கள் அன்றைய நிலவரத்தைப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். ஆனால் பெரியம்மா பேத்தியோ நோங் காய்க்கு ‘ஒரே டிக்கெட்’ என்கிறாள், அந்தப் பக்கமும் எல்லைக்கு முன்னால் சாப்பாட்டுக் கடையில் வண்டியை நிறுத்தி விசா விற்றார்கள் என்று வழியில் சந்தித்த இரண்டு பேர் எங்களிடம் சொன்னார்கள். அதனால் அவளுக்குச் சொல்லிவிட்டேன்: நோங் காய் வரை ரயிலில் மட்டும் போ, அங்கே எல்லையிலிருக்கும் நட்புறவுப் பாலத்தைத் தாண்டி லாவோஸ் பக்கத்துச் சாளரத்தில் நீயே நின்று விசா வாங்கு, அதுவரை பாஸ்போர்ட்டை உன் கையை விட்டுக் கொடுக்காதே. கூட வருகிற தோழி ஏதாவது சரியில்லை என்று சொன்னால் வண்டியை விட்டு இறங்கிவிடு, வண்டி போனால் போகட்டும்.