ஏசி மாட்டியவருக்கு ஓடிபி சொல்லும் முன் படியுங்கள்: எனக்கு 7,200 ரூபாய் போச்சு

7,200 ரூபாய். கத்திரி வெயில் நேரத்தில், வயதான அப்பா இருக்கிற வீட்டில், இவ்வளவு பணம் கொடுத்தும் ஏசி வேலை செய்யவில்லை. கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன்.

வேளச்சேரிக்கு வீடு மாறினோம். பழைய வீட்டின் ஒன்றரை டன் இன்வெர்ட்டர் ஏசியைக் கழற்றி இங்கே மாட்ட, வீட்டு வேலைக்கு ஆள் அனுப்பும் ஓர் ஆப்பில் பதிவு செய்தேன். கூலி, கூடுதல் காப்பர் பைப், ஸ்டாண்டு எல்லாம் சேர்த்து 4,200.

வந்தவர் அவ்வளவு தன்மையாகப் பேசினார். அம்மா கொடுத்த மோரைக் குடித்தார். பைப்பை மாட்டியதும் நட்டை லேசாகத் தளர்த்தினார், உஸ்ஸென்று சத்தம் வந்தது, "ஏர் எடுத்தாச்சு சார்" என்றார். கடைசியில் ரிமோட்டில் 16 வைத்து, அப்பாவின் கையைப் பிடித்துக் காற்று வரும் இடத்தில் நீட்டி, "ஜில்லுன்னு இருக்கா ஐயா?" என்று கேட்டார். அப்பா சிரித்தார். அந்தச் சிரிப்பைப் பார்த்துத்தான் நம்பினேன். "ஓடிபி சொல்லுங்க சார், அடுத்த வீட்டுக்குப் போகணும்." சொன்னேன். ஏசி ஓடி ஐந்து நிமிடம்கூட ஆகியிருக்காது. கேஸ் குறைவாக இருந்தாலும் முதலில் கொஞ்ச நேரம் குளிர்ச்சி வரும். இது அவருக்குத் தெரியாதா?

ராத்திரி வெறும் ஃபேன் காற்றுதான் வந்தது. சுவரெல்லாம் தண்ணீர்.

புகார் செய்தால், "வேலை முடிந்ததை நீங்களே ஓடிபி கொடுத்து உறுதி செய்துள்ளீர்கள்" என்று பதில். போன் செய்தால் ஒவ்வொரு தடவையும் வேறு ஆள், முதலிலிருந்து கதை சொல்ல வேண்டும். ஒருவர், "வெயில் அதிகம் சார், அப்படித்தான் இருக்கும்" என்றார். அப்புறம் அனுப்பிய ஆள் வந்த வேகத்தில் "கேஸ் காலி, 3,000 ஆகும், வாரண்டியில் வராது" என்றார். அப்பா தூங்காமல் கிடந்ததால் அதையும் கொடுத்தேன். எங்கே லீக் என்று அவர் தேடவே இல்லை. கொஞ்ச நாளில் அந்த கேஸும் போய்விட்டது.

மூடிய குழாய்க்குள் சுற்றுகிற கேஸ் தானாகத் தீராது, குறைந்தால் எங்கோ கசிகிறது. இதை எங்கள் தெரு மெக்கானிக்தான் விளக்கினார். அவுட்டோர் யூனிட் நட்டில் சோப்புத் தண்ணீர் தடவினார். குமிழ் குமிழாக வந்தது. நட்டில் பொருத்துவதற்காகப் பைப் முனையை விரித்த இடத்திலேயே கீறல். வாக்யூம் பம்ப் வைத்துக் காற்றையும் ஈரத்தையும் இழுக்காமல், ஏசியில் இருந்த கேஸை விட்டே காற்றைத் தள்ளியிருக்கிறார் முதலில் வந்தவர்; அந்த உஸ் சத்தம் அதுதான். எங்களுடையது ஆர்32 கேஸ், தீப்பிடிக்கக் கூடியது. அதைத்தான் வீட்டு ஜன்னல் பக்கம் திறந்துவிட்டிருக்கிறார்!

7,200 ரூபாயைத் திருப்பிக் கேட்டதற்கு 300 ரூபாய் கூப்பன் அனுப்பினார்கள், அடுத்த முறையும் அவர்களையே கூப்பிட! தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் கொடுத்துவிட்டேன்.

விவரமாக எழுதத்தான் நினைத்தேன், இப்போதைக்கு இவ்வளவுதான் முடிகிறது. வாக்யூம் பம்ப் இல்லாமல் வந்தால் வேலையைத் தொடங்கவே விடாதீர்கள். மாட்டியதும் இருபது நிமிடமாவது ஓட விடுங்கள். உள் யூனிட்டுக்குள் போகும் காற்றுக்கும் அதிலிருந்து வெளியே வரும் காற்றுக்கும் சுமார் 8 முதல் 12 டிகிரி வித்தியாசம் இருக்க வேண்டும், சாதாரண தெர்மாமீட்டரே போதும். எல்லா நட்டிலும் சோப்புத் தண்ணீர் தடவச் சொல்லுங்கள். உள் யூனிட்டில் தண்ணீர் சேரும் டிரெயின் தட்டில் தண்ணீர் ஊற்றி, அது வெளியே போகிறதா என்று காட்டச் சொல்லுங்கள். அதுவரை ஓடிபி கிடையாது, அடுத்த வீட்டில் காத்திருக்கிறார்கள் என்று கெஞ்சினாலும்.