க்ரூப் டயோராமாவுக்கு 1/35ஆ, 1/72ஆ?

நாலஞ்சு பேர் சேர்ந்து டயோராமா (குட்டி மாடல்களை வெச்சு அமைக்கிற ஒரு காட்சி) பண்றோம்னா முதல் சண்டையே ஸ்கேல்லதான் வரும், அதாவது நிஜத்துல 35ல ஒரு பங்கா, 72ல ஒரு பங்கான்னு. டைகர் டேங்க் 1/35ல பீரங்கிக் குழாயோட சேர்த்து 24 செ.மீ. வரும், 1/72ல 12க்குள்ள முடிஞ்சிடும், அதனால ஒரு முழுத் தெரு, பாலம், ஆறேழு வண்டின்னு ஆசை இருந்தா 1/72தான், ஆளுக்கொரு வண்டி ஒட்டிட்டு வந்து ஒரே பலகையில இறக்கிடலாம்.

ஆனா பெயின்ட் அடிக்கிற சுகம் 1/35லதாங்க. சிப்பாய் பொம்மையே 5 செ.மீ. உயரம், புருவம் வரைக்கும் வரையலாம். ட்ராக்கை (டேங்க் சக்கரங்களைச் சுத்தி ஓடுற பட்டை) ஒவ்வொரு கண்ணியா கோர்க்கிறதுதான் உயிரை எடுக்கும், ஒண்ணு தரையில விழுந்தா அன்னிக்கு ராத்திரி டார்ச் அடிச்சு தேடல்தான். (இந்த ஸ்கேல் பிரபலமானதே டாமியாங்கிற ஜப்பான் கம்பெனியோட பேந்தர் டேங்க் மாடல் கிட்டால, உள்ள பேட்டரியும் மோட்டாரும் அடங்கணும்னு பார்த்து வெச்ச சைஸ் அது.) இதுல வேலைய வேற மாதிரி பிரிக்கணும், ஒரே டேங்க், ஒரு இடிஞ்ச சுவர், ஒருத்தர் வண்டி, ஒருத்தர் பொம்மை, ஒருத்தர் மண்ணு புல்லுன்னு.

கலர் பாட்டில் மட்டும் ஒண்ணா வாங்கிடுங்க. நாங்க 1/72ல மூணு ஷெர்மன் டேங்குக்கு மூணு விதமா ஆலிவ் ட்ராப் (ராணுவப் பச்சை) அடிச்சுட்டு வந்து நின்னோம், கடைசியில புழுதிக் கலர் பிக்மென்ட்டை தூவித்தான் மறைச்சோம். அப்படியும் என் ஓட்டு 1/72க்குதான்.